எழுத்தும் எழுத்தின் படமும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

முன்னுரை

கைப்பேசி நுழையாத வீடு இன்று நம் பக்கத்துச் சிற்றூர்களிலும் அரிதாகிவிட்டது. முன்பு சுவரொட்டியிலும் அறிவிப்புப் பலகையிலும் சொல்லப்பட்ட செய்திகள் இப்போது வலைப்பக்கங்களில் சொல்லப்படுகின்றன. ஒரு வலைப்பக்கத்தை ஆக்க இரு வழிகள் உள. குறிமொழி எனப்படும் எச்.டி.எம்.எல். கற்று அதில் எழுதுவது ஒரு வழி. ஓவிய மென்பொருளில் பக்கம் முழுவதையும் வரைந்து, அந்தப் படத்தையே வலையில் ஏற்றிவிடுவது மற்றொரு வழி. முன்னதைக் கற்க நாள் பிடிக்கும். பின்னது ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். நான் பின்னதையே மேற்கொண்டேன். அதனால் நேர்ந்த பிழையையும், அப்பிழையின் காரணத்தைத் தேடியபோது நான் கற்றவற்றையும் உடன் பயிலும் நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான் வரைந்த பக்கம்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலையின் மேற்குப் புறத்தே அமைந்துள்ளது அடி அண்ணாமலை. அங்கே ஒரு சிறிய டி.டி.பி. கடையில் மாலை வேளைகளில் நான் வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பௌர்ணமி அன்னதானத்திற்கான பிளெக்ஸ் பேனர் ஆகியவையே அக்கடையின் அன்றாடப் பணிகள். கோரல்டிராவும் போட்டோஷாப்பும் எனக்குப் பழகியது அங்கேதான்.

சென்ற ஆண்டு நண்பர்கள் சிலர் சேர்ந்து, மாணவர்களுக்கு வேண்டிய அறிவிப்புகளை ஓரிடத்தில் தொகுத்துத் தரும் வலைப்பக்கம் ஒன்றைத் தொடங்க எண்ணினோம். தேர்வுக் கட்டணம் செலுத்தும் நாள், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் நாள் போன்றவற்றைத் தவறவிடுகிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்றவர்களே. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். "இந்தப் படிவத்தை இந்த நாளுக்குள் கொடு" என்று நினைவூட்ட எங்கள் வீடுகளில் யாரும் இல்லை. ஆகவே இப்பக்கம் எங்களுக்கு ஒரு தேவையாகவே இருந்தது.

பக்கத்தை வடிவமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மேலே கோபுரத்தின் கோட்டோவியம், அதன்கீழ் வண்ணக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் அறிவிப்பு என்று வரைந்தேன். அப்போது கடைக்கார அண்ணன், "கர்வ் பண்ணிடு தம்பி, எந்த போன்ல பார்த்தாலும் எழுத்து உடையாது" என்றார். எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றிவிடுவதற்கு எங்கள் தொழிலில் வழங்கும் சொல் அது. அச்சுக்கு அனுப்பும்போது அது நல்ல அறிவுரையே. நானும் அவ்வாறே செய்து, பக்கம் முழுவதையும் ஒரே படமாக்கி வலையேற்றினேன். பார்த்தவர் அனைவரும் பாராட்டினர்.

இரு வாரங்கள் சென்றபின், தமிழ்த்துறையில் பயிலும் நண்பர் ஒருவர் என்னை வழியில் நிறுத்தினார். அவர் பார்வை மாற்றுத்திறனாளி. திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் வசதியுடைய கைப்பேசியைக் காதருகே வைத்தே அனைத்தையும் அறிந்துகொள்பவர். "உன் பக்கத்தைத் திறந்தேன். 'படம்' என்றது. அப்புறம் ஒன்றுமே சொல்லவில்லை. அவ்வளவுதான் இருக்கிறதா?" என்று கேட்டார். நான் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டத் தொடங்கினேன். மூன்றாவது கட்டத்திற்கு வந்தபோது என் குரல் நின்றுவிட்டது. தேர்வில் தாம் சொல்லச் சொல்ல எழுதுபவர் ஒருவர் வேண்டும் மாணவர்கள் விண்ணப்பிக்க வேண்டிய நாள் பற்றிய அறிவிப்பு அது. அந்நாளே கடைசி நாள்.

இருவரும் அலுவலகத்திற்கு விரைந்தோம். மூடுவதற்குச் சற்று முன்னர் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டோம். நண்பர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆயினும் அவர் அன்று என்னை வழியில் காணாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை. அந்த அறிவிப்பு யாருக்காக எழுதப்பட்டதோ, அவருக்கே என் பக்கம் ஊமையாக இருந்தது. ஏன் இவ்வாறு நேர்ந்தது?

வலைப்பக்கம் என்பது யாது?

இதற்கு விடை காண, வலையின் தொடக்கத்தை நோக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ, 1989ஆம் ஆண்டு இதற்கான திட்டத்தை முன்வைத்தார். 1991இல் அது வெளியுலகிற்குத் திறக்கப்பட்டது. அவர் வகுத்த குறிமொழி ஓவியம் வரைவதற்கான மொழி அன்று. "இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது மற்றொரு பக்கத்திற்குச் செல்லும் இணைப்பு" என்று ஒவ்வொரு பகுதியும் இன்னது என அறிவிக்கும் மொழியே அது. தலைப்புகளுக்கு மட்டும் ஆறு படிநிலைகள் அதில் உண்டு. அப்பகுதிகளை எவ்வாறு காட்டுவது என்பதைப் படிப்பவரின் கருவியே முடிவு செய்யும். ஒரு கருவி திரையில் காட்டலாம். மற்றொன்று குரலில் சொல்லலாம். வேறொன்று பிரெயில் புள்ளிகளாக விரலுக்குத் தரலாம்.

1993இல் மொசைக் என்னும் உலாவி, எழுத்துகளுக்கிடையே படங்களையும் காட்டி மக்களைக் கவர்ந்தது. அதன்பின் ஓவியர்களும் விளம்பரக் கலைஞர்களும் வலைக்கு வந்தனர். அச்சுத்தாளில் நினைத்த இடத்தில் நினைத்த எழுத்தை வைத்துப் பழகிய அவர்களுக்குக் குறிமொழி வறண்டதாகத் தோன்றியதில் வியப்பில்லை. தோற்றத்தைத் தனியே வகுப்பதற்கான சி.எஸ்.எஸ். என்னும் முறையை நார்வே நாட்டவரான ஹோக்கன் வியும் லீ 1994இல் முன்மொழிந்தார். அதன் முதல் பதிப்பு 1996 டிசம்பரில் வெளிவந்தது. ஆனால் உலாவிகள் அதனை ஒழுங்காகக் கைக்கொள்ள மேலும் சில ஆண்டுகள் ஆயின.

அந்த இடைக்காலத்தில்தான் ஓவிய மென்பொருளால் தளம் அமைக்கும் முறை வேரூன்றியது. 1998இல் வந்த பயர்ஒர்க்ஸ், 2000இல் வந்த போட்டோஷாப் ஆறாம் பதிப்பு ஆகியவற்றில் வரைந்த பக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டும் வசதி இருந்தது. அத்துண்டுகளைக் கட்டங்களில் அடுக்குவதற்கான குறிமொழியையும் மென்பொருளே எழுதித் தந்தது. வரைந்தவருக்குக் குறிமொழி தெரிய வேண்டியதே இல்லை. பக்கம் அழகாகத் தோன்றியது. ஆனால் அதில் தலைப்பும் இல்லை, பத்தியும் இல்லை. இருந்தவை படத்துண்டுகள் மட்டுமே. நான் செய்ததும் இதுவே. நான் வெட்டக்கூட இல்லை.

எழுத்தும் புள்ளியும்

எழுத்துக்கும் எழுத்தின் படத்திற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம்.

உலக மொழிகள் அனைத்திற்கும் பொதுவான யூனிகோடு முறையில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 'அ' என்னும் எழுத்தின் எண் 2949. கணினி இந்த எண்ணையே சேமிக்கிறது. வலையில் பெரிதும் வழங்கும் யு.டி.எப்.–8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டிற்கும் 3 பைட்டுகள் வேண்டும். 'அண்ணாமலை' என்னும் சொல்லில், புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் தனித்தனியே எண்ணினால் 8 குறியீடுகள் உள்ளன. எனவே அச்சொல்லுக்கு 24 பைட்டுகள் போதும். 2000 குறியீடுகள் கொண்ட பக்கம் முழுமைக்கும் 6000 பைட்டுகள் போதும்.

இனி, நான் வரைந்த பக்கத்தைக் காண்போம். அதன் அகலம் 1080 புள்ளிகள். உயரம் 1920 புள்ளிகள். மொத்தம் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் அளவைக் குறிக்க 3 பைட்டுகள் வீதம் 62,20,800 பைட்டுகள் ஆகின்றன. படத்தைச் சுருக்கும் முறைகளால் இது வெகுவாகக் குறையும் என்பது உண்மையே. ஆயினும் எழுத்தின் அளவிற்கு இறங்கிவருவதில்லை.

அளவினும் முக்கியமானது ஒன்று உண்டு. இத்தனை இலட்சம் எண்களுக்குள் 2949 என்னும் எண் 'அ' என்ற பொருளில் ஓரிடத்திலும் இல்லை. இந்தப் புள்ளி சிவப்பு, அந்தப் புள்ளி வெள்ளை என்ற செய்தி மட்டுமே உள்ளது. அவற்றைச் சேர்த்து 'அ' என்று அறிவது நம் கண்ணும் மூளையும். என் நண்பரின் கைப்பேசிக்கு அந்த எண் கிடைக்கவில்லை. ஆகவே அது 'படம்' என்று சொல்லி நின்றுவிட்டது. தேடுபொறிக்கும் இதே நிலைதான்.

படத்திலிருந்து எழுத்தை அறியும் மென்பொருள்கள் இன்று வந்துவிட்டனவே என்று கேட்கலாம். அவை பயனுடையவையே. ஆனால் வண்ணப் பின்னணியில் அலங்கார எழுத்தைக் கண்டால் அவை தடுமாறக்கூடும். கதையில் ஓர் எழுத்து பிழைபட்டால் பொறுக்கலாம். கடைசி நாளில் ஓர் இலக்கம் பிழைபட்டால் ஓராண்டே போய்விடும்.

தமிழுக்கு நேர்ந்தது

படமாக்கும் பழக்கம் நம்மிடையே வலுப்பெற்றதற்குத் தமிழ் எழுத்துருக்களின் வரலாறும் ஒரு காரணம். யூனிகோடு பரவுவதற்கு முன், ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் உருவங்களை வைத்து எழுத்துருக்கள் செய்யப்பட்டன. டி.டி.பி. கடைகளில் பலர் அறிந்த பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால், கணினியின் நினைவில் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' காணாமற்போய் இந்த ஐந்து குறிகளே எஞ்சும். இதைத்தான் 'எழுத்து உடைவது' என்கிறோம். கடைக்கார அண்ணனின் அறிவுரை இந்த அனுபவத்தில் விளைந்தது. ஓவிய மென்பொருள்களின் பழைய பதிப்புகளில் யூனிகோடு தமிழை இட்டால் கொம்புகள் இடம் மாறி நின்றன. இதனால் கடைகள் பழைய எழுத்துருக்களை விட மனமில்லாமல் இருந்தன.

இச்சிக்கலைத் தீர்க்க அறிஞர் பலர் உழைத்துள்ளனர். 1995இல் சிங்கப்பூரில் அந்நாட்டுக் கவிதைகளுக்கான வலைத்தளம் தொடங்கப்பட்டபோது, தமிழும் அதில் இடம்பெற உழைத்தவர் நா. கோவிந்தசாமி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்–99 விசைப்பலகை உருவாயிற்று. 2010இல் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றது.

இவ்வரலாற்றில் நமக்குப் பாடமாக அமைவது மதுரைத் திட்டம் ஆகும். 1998இல் சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய இத்திட்டத்தில், தன்னார்வலர்கள் தமிழ் நூல்களை எழுத்து எழுத்தாகத் தட்டச்சுச் செய்தனர். தொடக்கத்தில் அவர்கள் கையாண்ட குறியீட்டு முறை இன்று வழக்கில் இல்லை. ஆயினும் அவர்கள் உழைப்பு வீணாகவில்லை. எழுத்தாக இருந்தமையால் அந்நூல்களை யூனிகோடு முறைக்கு மாற்ற முடிந்தது. ஒரு குறியீட்டை மற்றொரு குறியீடாக மாற்றுவது கணினிக்கு எளிய வேலை. பக்கங்களைப் படங்களாக மட்டும் ஏற்றியிருந்தால் இவ்வாறு மாற்ற இயலாது.

ஒரு மலை, பல காட்சிகள்

பார்வையுள்ளவர்க்கும் படப்பக்கத்தால் இடர் உண்டு. ஐந்தாம் வகுப்புவரை படித்த என் தாயார் எழுத்துக்கூட்டிப் படிப்பவர். கைப்பேசியில் எழுத்து சிறிதாக இருந்தால் விரலால் பெரிதாக்குவார். படம் பெரிதானால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் வலமும் இடமும் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். உண்மையான எழுத்தோ, அதற்குரிய அமைப்பில் பெரிதாகும்போது அகலத்திற்கேற்ப மடிந்து அடுத்த வரிக்கு வரும்.

கிழக்கே ஊருக்குள் நின்று காணும் அண்ணாமலை வேறு. மேற்கே அடி அண்ணாமலையில் நின்று காணும் அண்ணாமலை வேறு. மலை ஒன்றுதான், நிற்கும் இடத்திற்கேற்பத் தோற்றம் மாறுகிறது. ஓவியர் வரைந்த மலையோ எங்கு கொண்டுபோனாலும் ஒரே முகத்தைத்தான் காட்டும். குறிமொழியில் எழுதிய பக்கம் மலையைப் போன்றது. கைப்பேசியில் ஒரு தோற்றமும், கணினியில் ஒரு தோற்றமும், பார்வையற்றவர் காதில் ஒரு தோற்றமும் அது தரும். 2010ஆம் ஆண்டு ஈத்தன் மார்க்காட் என்னும் வடிவமைப்பாளர், திரையின் அகலத்திற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் பக்க அமைப்பை முறைப்படுத்திப் பெயரிட்டார். இன்று நல்ல தளங்கள் பலவும் அம்முறையில் இயங்குகின்றன.

இக்காலக் கருவிகள்

ஓவிய மென்பொருளே கூடாது என்பது என் கருத்தன்று. வண்ணப் பொருத்தம், இடைவெளி, எது மேலே எது கீழே என்னும் ஒழுங்கு ஆகியவற்றை முடிவு செய்ய வரைந்து பார்ப்பதே சிறந்த வழி. கொத்தனாருக்கு வரைபடம் எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதது இது. ஆனால் வரைபடத்தில் யாரும் குடியிருக்க முடியாது.

இன்று கேன்வா, பிக்மா போன்ற கருவிகள் வரைந்த பக்கத்தையே வலைத்தளமாக வெளியிடும் வசதியைத் தருகின்றன. பிக்மா இவ்வசதியை 2025இல் அறிவித்தது. இவற்றில் எழுத்து எழுத்தாகவே வெளிவர வழியுண்டு. ஆகவே பழைய முறையைவிட இவை மேலானவை. ஆயினும் பெரிய எழுத்தில் இட்டதனாலேயே ஒரு வரி தலைப்பாகிவிடாது. 'இது தலைப்பு' என்று வரைபவர் குறித்தாக வேண்டும். அதை அறியாதவர் கையில் எந்தக் கருவியும் பழைய பிழையையே செய்யும்.

கருவிகள் நிலையானவையும் அல்ல. குறிமொழி அறியாமலே தளம் அமைக்கலாம் என்று 2012இல் வந்த அடோபி மியூஸ் மென்பொருளுக்கான ஆதரவு 2020இல் நிறுத்தப்பட்டது. ஆனால் பெர்னர்ஸ் லீயின் முதல் வலைப்பக்கத்தை இன்றைய கைப்பேசியிலும் திறந்து படிக்கலாம்.

செய்யத்தக்கவை

வலைப்பக்கங்களுக்கான உலகளாவிய அணுகுதல் நெறிகள் 1999இலும், அவற்றின் இரண்டாம் பதிப்பு 2008இலும் வெளிவந்தன. எழுத்தால் சொல்லக்கூடியதை எழுத்தின் படமாகத் தர வேண்டாம் என்பது அவற்றுள் ஒன்று. இந்திய அரசுத் தளங்களுக்கான நெறிமுறைகள் 2009 முதல் உள்ளன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறியது. நாம் நம் அளவில் செய்யக்கூடிய எளிய சோதனைகள் சில:

1. பக்கத்தில் ஒரு சொல்லின்மீது விரலை அழுத்திப் பிடிக்க வேண்டும். அச்சொல் மட்டும் தெரிவானால் பெரும்பாலும் அது எழுத்து; இல்லையேல் படமாக இருக்கலாம்.

2. அச்சொல்லை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்ட வேண்டும். வேறு குறிகளாக மாறினால், அது பழைய எழுத்துரு.

3. எழுத்தை இருமடங்கு பெரிதாக்க வேண்டும். வரிகள் மடிந்து வருகின்றனவா என்று காண வேண்டும்.

4. படம் இன்றியமையாத இடத்தில், அப்படம் சொல்வதை ஒரு வரியில் மாற்றுச்சொல்லாகக் குறிமொழியில் எழுத வேண்டும்.

5. கைப்பேசியின் குரல் வசதியை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு பக்கம் முழுவதையும் ஒருமுறை கேட்க வேண்டும்.

இவற்றைக் கொண்டு என் பக்கத்தை மீண்டும் எழுதினேன். குறிமொழியின் அடிப்படையைக் கற்க மூன்று வாரங்கள் ஆயின. கோபுர ஓவியத்தை மேலே விட்டுவைத்து, ஏனையவற்றை எழுத்தாக்கினேன். முதல் வாசகராக அந்த நண்பரையே அழைத்தேன். அவர் தலைப்பிலிருந்து தலைப்பிற்குத் தாவி, வேண்டிய அறிவிப்பை நான் கண்ணால் தேடுவதைவிட விரைவாகக் கண்டுகொண்டார். பின் ஒரு குறையும் சொன்னார். '15.4' என்று நான் எழுதியிருந்த நாளைக் கைப்பேசி 'பதினைந்து புள்ளி நான்கு' என்று படித்ததாம். 'ஏப்ரல் 15' என்று திருத்தினேன். கண்ணால் மட்டும் பார்த்திருந்தால் இக்குறை எனக்கு ஒருநாளும் புலப்பட்டிருக்காது.

முடிவுரை

ஓவிய மென்பொருள் பக்கத்தின் தோற்றத்தைத் தரும். குறிமொழி அதன் பொருளைத் தரும். தோற்றம் கண்ணுக்கு மட்டுமே எட்டும். பொருள் கண், காது, விரல் ஆகிய எவ்வழியிலும் எட்டும்.

வலைத்தளம் அமைப்பவர்க்கு மட்டும் உரியதன்று இப்பாடம். நம் மன்றங்களின் அறிவிப்புகளை அழகிய படங்களாகச் செய்து வாட்ஸப் குழுக்களில் அனுப்புகிறோம். அவையும் ஊமைப் படங்களே. அவற்றின் கீழ் அதே செய்தியை நான்கு வரிகளில் தட்டச்சுச் செய்து அனுப்ப இரண்டு நிமிடங்கள் போதும். அந்த நான்கு வரிகளை எதிர்பார்த்து நம் கல்லூரியிலேயே நண்பர்கள் இருக்கிறார்கள். அடுத்த அறிவிப்பிலிருந்தே இப்பழக்கத்தைத் தொடங்குவோமாக.